கடலில் விழுந்த எங்கள் புள்ளி

நட்சத்திரம் எண்ணச் சொன்ன அந்த இணையப் பக்கம் மாணவர்களுக்குத் தந்த முதல் அறிவுரை, அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு நகரத்து வெளிச்சம் எட்டாத ஓர் இடத்துக்குக் காரில் அழைத்துப்போகச் சொல்ல வேண்டும் என்பது. அடுத்தது, வாசல் விளக்கை அணைக்க வேண்டும். அதற்கும் அடுத்தது, சமையலறையில் கை துடைக்கும் காகிதம் சுற்றி வருகிற அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ள வேண்டும். கொல்லிமலையில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எவர் வீட்டிலும் கார் இல்லை. பாதி வீடுகளின் வாசலில் விளக்கே இல்லை. கை துடைப்பதற்கென்று காகிதம் விற்கிறது என்பதை நானே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இருட்டு மட்டும் எங்களுக்குக் கேட்காமலே கிடைத்தது.

இது நடந்தது இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த பிறகான முதல் சில வருடங்களில். வாழவந்தி நாட்டில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் தற்காலிக அறிவியல் ஆசிரியை. சொந்த ஊர் வளப்பூர் நாடு; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். மரவள்ளியும் மிளகும் போடுகிற குடும்பம். அதில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கல்லூரி போன முதல் ஆள் நான், இயற்பியல் என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் நான். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிவிடுவேன். அதனாலேயே, பாடப்புத்தகத்தில் வானவியலுக்கு ஒதுக்கியிருந்த சில பக்கங்களும், அதில் மை அப்பிப்போய் ஆட்டுக்கல் மாதிரித் தெரிந்த சனிக்கோளின் படமும் எனக்கு அவமானமாக இருந்தன. இதை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள் என்ற பெயர் எனக்கு வேண்டியதில்லை.

ஆகவே சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடிவாரத்து டவுனுக்கு இறங்குவேன். அங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பாய் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர். அவருடைய அப்பா மிளகு மண்டி நடத்தினார். எங்கள் அப்பா மிளகு போடுவது அங்கேதான். மண்டியின் பின்பக்கத்தைப் பிளைவுட்டால் தடுத்து, மூன்று கம்ப்யூட்டர்களை வைத்து, மகன் பிரவுசிங் சென்டர் ஆக்கியிருந்தார். மிளகு நெடியில் தும்மிக்கொண்டேதான் நான் பால்வெளியைப் பார்த்தேன்.

பார்த்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. ஒரு படம் மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக இறங்கும். பாதி இறங்கியதும் போன் லைன் அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. பல வாரங்களுக்கு எனக்குத் தெரிந்த கோள்களுக்கெல்லாம் வடதுருவம் மட்டும்தான் இருந்தது. ஆசிரியர்களுக்கான பக்கங்கள் என்று போட்டிருந்ததைத் திறந்தால், உங்கள் ஊர்க் கோளரங்கத்தைத் தொடர்புகொள்ளுங்கள் என்று முடியும். எங்கள் ஊரில் அப்போது தொடர்புகொள்ள ஒரு நல்ல டெலிபோனே கிடையாது.

முழுதாக இறங்கிய படங்களையாவது பிரிண்ட் எடுக்கலாம் என்றால் பாய் விட மாட்டார்.

"இது என்ன படம் டீச்சரம்மா?"

"நெபுலா. நட்சத்திரம் பிறக்கிற இடம்."

"எது வேணா பிறக்கட்டும்மா. முக்காவாசி கறுப்பா இருக்கே. இது ஒண்ணு போட்டா என் மை டப்பா காலி."

"வானம் கறுப்பாத்தானே அண்ணே இருக்கும்?"

"பகல்ல எடுத்த படம் ஏதாச்சும் இருக்கான்னு பாருங்களேன்."

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கறுப்பையும் வெள்ளையையும் கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டு அடித்துக் கொடுத்தார். வெள்ளை வானத்தில் கறுப்பு நட்சத்திரங்கள். எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்த பிரபஞ்சம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. தலைமையாசிரியர் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு?" என்றார். அவர் தினமும் கீழிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். மலையில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. அவரிடம் நட்சத்திரத்தைப் பற்றி என்ன பேசுவது?

இப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் திட்டம் கண்ணில் பட்டது. உலகம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் நிலா இல்லாத ஒரு வாரத்தில் வானத்தைப் பார்த்து, ஒரு குழாயின் வழியே எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணி அனுப்ப வேண்டும். எந்த ஊர் வானம் எவ்வளவு இருட்டு என்று அதிலிருந்து கணக்கிடுவார்களாம். எண்ணி அனுப்பும் ஒவ்வொரு பள்ளிக்கும் உலக வரைபடத்தில் ஒரு புள்ளி. அதைத் தொட்டால் பள்ளியின் பெயர் வரும்.

அந்தப் புள்ளிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் வகுப்பில் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று தொங்கியது. அதில் நாமக்கல் உண்டு, துறையூர் உண்டு. நாங்கள் இருக்கிற இடத்தில் பச்சையாக ஒரு கறை மட்டும் இருக்கும். பெயர் கிடையாது. வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை, "இதுல நம்மூரு எங்கீங்க டீச்சர்?" என்று கேட்கும். "இந்தப் பச்சைக்குள்ள" என்பேன். "பச்சைக்குள்ள எங்கீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். நான் பாடப்புத்தகத்தைத் திறந்துவிடுவேன்.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன். "உலக மேப்புலயே நமக்கு ஒரு புள்ளி வரப்போவுது."

"உலகத்துலயா?"

"உலகத்துல. நம்ம பள்ளிக்கூடத்துப் பேரோட."

முன்வரிசையில் ஒரு பெண். இரண்டு கைகளிலும் விரல் முட்டிகளில் மரு நிறைந்தவள். எதையும் சந்தேகத்தோடு பார்க்கிறவள். "வரலீன்னாங்க டீச்சர்?" என்றாள்.

"நான் சொன்னா வரும்" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் சொல்லியாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் புள்ளி வகுப்புக்கு நான் கொடுத்த வாக்கு.

அட்டைக் குழாய்க்குப் பதிலாக சார்ட் தாளைச் சுருட்டி, அளவு பார்த்துச் சோற்றால் ஒட்டி, ஆளுக்கொரு குழாய் செய்தோம். அவரவர் வீட்டு வாசலில், சாப்பிட்டு முடித்ததும், வெவ்வேறு பக்கம் குழாயைத் திருப்பி எண்ணி வர வேண்டும். ஒருவர் கண்ணைப் போல் இன்னொருவர் கண் இருக்காது, அதனால்தான் எல்லோரும் எண்ணிச் சராசரி எடுக்கிறோம் என்று விளக்கமாகச் சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனால், செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போயிருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்கண்ணு, புள்ளைங்கள நட்சத்திரம் எண்ணச் சொன்னியாமா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"கை பூரா மரு வந்துருமே சாமி!"

"மரு கிருமியால வருதும்மா. நட்சத்திரத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அந்தக் கிருமி எண்ணாதவங்கள உட்டுட்டு எண்ணுனவங்களப் பாத்துத்தான வருது?"

"யாரு பாத்தா?"

"நான் எண்ணவே இல்ல. எனக்கு வந்துச்சா?" என்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். ஒரு மரு இல்லை. அப்பா திரும்பிக்கொண்டு சிரித்தார். பட்டம் வாங்கியவள் வாயடைத்து நிற்பதைப் பார்ப்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம்.

பிள்ளைகள் கணக்கோடு வந்தார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பலகையில் ஊர் ஊராக எழுதிப் போட்டபோதுதான் உறுத்தியது. முந்தின ராத்திரி மலையின் மேற்குப் பக்கம் முழுவதும் மூடுபனி. நானே என் வாடகை அறையிலிருந்து ஒன்றும் தெரியாமல் திரும்பியிருந்தேன். ஆனால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்கூட நட்சத்திரங்களை வாரிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பனிக்குள்ளிருந்து எண்ணிய ஒருவனை எழுப்பினேன். "எங்க நின்னு எண்ணுன?"

"இவுங்க ஊட்டு வாசல்லீங்க டீச்சர்." மருக்காரியைக் காட்டினான்.

"அவ வீடு அடுத்த ஊர்ல இல்ல இருக்கு? நீ எண்ணுனியா?"

"இல்லீங்க. அவதான் எண்ணுனா. நான் சும்மா நின்னனுங்க."

"வேற யாரெல்லாம் அவ வாசல்ல நின்னீங்க?"

வகுப்பு முழுவதும் கை தூக்கியது.

"எதுக்கு?"

"அவளுக்குத்தான் ஏற்கெனவே மரு இருக்குதுங்களே டீச்சர்" என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, இதைக்கூட விளக்க வேண்டுமா என்ற குரலில். "இன்னும் வந்தா அவளுக்கு என்னங்க?"

எண்ணியவளைப் பார்த்தேன். அவள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "ஆளுக்கொரு கொய்யாப்பழம்னு பேசிக்கிட்டுத்தானுங்க எண்ணுனேன். ஆளுக்கொரு பக்கமா வேற வேற எடத்துலதான் எண்ணிக் குடுத்தேன். ஏமாத்தலீங்க" என்றாள்.

திட்டத்தின் விதிகளை எழுதிய வெளிநாட்டுக்காரர்கள் மேகத்தை யோசித்திருந்தார்கள், தெருவிளக்கை யோசித்திருந்தார்கள், பிள்ளைகள் குழாய் வழியே சூரியனைப் பார்த்துவிடக் கூடாது என்றுகூட எச்சரித்திருந்தார்கள். ஒரு வகுப்பே சேர்ந்து ஏற்கெனவே மரு உள்ள ஒருத்தியிடம் வானத்தைக் குத்தகைக்கு விட்டுவிடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பலகையில் எழுதிய கணக்கை அழித்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும். நிலா வருவதற்குச் சில நாட்களே இருந்தன.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளைப் பெற்றவர்களோடு பள்ளி மைதானத்துக்கு வரச் சொன்னேன். வந்தார்கள். எண்ணுவதற்கு அல்ல, எண்ணப்போகிற டீச்சரை வேடிக்கை பார்க்க. எல்லோர் முன்னாலும் நின்று, குழாய்கூட இல்லாமல், ஆள்காட்டி விரலை நீட்டி வானத்தைத் தொட்டு எண்ண ஆரம்பித்தேன்.

"ஒன்னு..."

"ஏனுங்க டீச்சர்," என்று ஒரு அப்பா இடைமறித்தார். "ஒன்னுன்னு ஆரம்பிக்காதீங்க. லாபம்னு ஆரம்பிங்க."

சாமையோ ராகியோ வள்ளத்தில் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "இது சாமையா, அளந்து விக்கறதுக்கு?" என்றேன்.

"எதுவா இருந்தா என்னங்க, எண்ணுறது எண்ணுறதுதான?"

வாதாடினால் நிலா வந்துவிடும். லாபம், ரெண்டு, மூணு என்று என் கழுத்து வலிக்கும்வரை எண்ணினேன். இயற்பியல் பட்டதாரி. பிறகு விரலை எல்லோரிடமும் காட்டினேன். மரு வரவில்லை. "இப்பவே வராதுங்க, கொஞ்ச நாளாகும்" என்றது ஒரு குரல். ஆனாலும் டீச்சரே எண்ணிவிட்டார் என்பதால் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குழாயைத் தூக்கினார்கள். மைதானம் முழுவதும் லாபம், லாபம் என்று கேட்டது. மருக்காரிக்கு மட்டும் வருத்தம். கொய்யாப்பழங்களைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயந்திருப்பாள்.

சனிக்கிழமை கணக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அன்றுதான் கடைசி நாள். பாயின் கடைக்குள் நுழைந்ததும் கரண்ட் போய்விட்டது. வந்தபோது போன் லைன் இல்லை. லைன் வந்தபோது மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. இணையப் பக்கத்தில் நாங்கள் நிரப்ப வேண்டிய கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஊர்ப் பட்டியலில் சென்னை இருந்தது, நாங்கள் இல்லை. உங்கள் ஊர் பட்டியலில் இல்லையென்றால் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுங்கள் என்றது. நல்லவேளை, பள்ளி அட்லஸை வைத்து அளந்து எழுதி வந்திருந்தேன்.

"நீங்க சொல்லுங்கம்மா, நான் அடிக்கிறேன். உங்களுக்கு எழுத்தைத் தேடவே நேரமாவுது" என்று பாய் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் படித்தேன். அவர் தட்டினார். நன்றி என்று ஒரு பக்கம் வந்தது. பஸ் ஹாரன் அடித்தது. ஓடினேன்.

வரைபடம் வெளியாகச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் வகுப்பு என்னை நிம்மதியாக விடவில்லை. "புள்ளி வந்துருச்சுங்களா டீச்சர்?" என்பதுதான் காலை வணக்கம். ஒருவழியாக அது வெளியான சனிக்கிழமை, உலகம் பாயின் திரையில் கோடு கோடாக இறங்கியது. அமெரிக்கா முழுவதும் அம்மை போட்டது போல் புள்ளிகள். ஐரோப்பாவிலும் அப்படியே. இந்தியாவில் அங்கொன்றும் இங்கொன்றும். கொல்லிமலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"பள்ளிக்கூடத்துப் பேரைப் போட்டுத் தேடிப் பாப்போம்" என்று பாய் தட்டினார். பிறகு, "இருக்கு டீச்சரம்மா" என்றார்.

"எங்க?"

"கடலுக்குள்ள."

மத்திய அமெரிக்காவுக்குப் பக்கத்தில், கரையிலிருந்து தள்ளி, கரீபியன் கடலுக்குள் ஒரு புள்ளி. தொட்டால் எங்கள் பள்ளியின் பெயர். தீர்க்கரேகைக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கட்டம் இருந்திருக்கிறது. அதில் மேற்கு என்று அவர்களாகவே போட்டு வைத்திருந்தார்கள். கிழக்கில் இருப்பவர்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டுமாம். உலகத்தில் எல்லோரும் மேற்கில்தான் இருப்பார்கள், தப்பிப்போனவர்கள் சொல்லிக்கொள்ளட்டும் என்ற நினைப்பு. எனக்கு வந்த கோபத்தில் அந்த மௌஸை உடைத்திருப்பேன்.

"நீங்க கிழக்குன்னு சொல்லலியேம்மா" என்றார் பாய்.

"நாம கிழக்குல இருக்கோம்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"நம்ம கடை மேற்குப் பாத்ததும்மா" என்றார். அவர் சிரித்தாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

திருத்தக் கேட்டு இ-மெயில் அனுப்பினேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று அப்போதே பதில் வந்தது. இயந்திரம் அனுப்பியது. இன்னொன்று அனுப்பினேன். அதே நன்றி, எழுத்துப் பிசகாமல். வேறு வழியில்லாமல் கடல் புள்ளியோடு ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

வகுப்பில் தாள் கை மாறியது. பிறகு, "டீச்சர், நம்மூரு முங்கிப் போச்சுங்களா?" என்று ஒரு குரல். அப்புறம் யாரையும் அடக்க முடியவில்லை. மரவள்ளிக்குப் பதில் மீன் பிடிக்கலாம் என்றான் ஒருவன். பஸ் எப்படிங்க வரும் என்றான் இன்னொருவன். மருக்காரி மட்டும் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இந்தக் கடல்ல நின்னு பாத்தாலும் நாம எண்ணுன நட்சத்திரந்தான் தெரியுமுங்களா?"

தெரியும். அட்சரேகை ஒன்றுதான். அங்கே இருட்டும் நேரத்தில் இதே நட்சத்திரங்கள் இதே உயரத்தில் நிற்கும். நான் வருடம் முழுவதும் நடத்திய பாடத்தில் யாரும் கேட்காத நல்ல கேள்வி. அதை அன்றைக்குத்தான் கேட்க வேண்டுமா? "தெரியும், உட்காரு" என்றேன்.

தலைமையாசிரியருக்கோ ஒரு வருத்தமும் இல்லை. உலக வரைபடம், ஆங்கிலத்தில், பள்ளியின் பெயரோடு. வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். "சார், அது தப்பான இடம்" என்றேன். "பேர் சரியா இருக்குல்ல டீச்சர்?" என்றார். அந்த வாரமே பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். வரைபடத்தின் முன்னால் நின்று, "ரொம்ப நல்ல முயற்சி" என்று சொல்லி ஓரத்தில் கையெழுத்தும் போட்டார். கடலின் நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. அதன்பிறகு அதை எடுக்கச் சொல்லி நான் எத்தனை முறை கேட்டும், "அதிகாரி கையெழுத்துப் போட்டதை எடுக்கக் கூடாதும்மா" என்ற ஒரே பதில்தான்.

இது போதாதென்று, மாசி பிறந்த சமயம், என் வலது ஆள்காட்டி விரலில் ஒரு மரு வந்தது. மருக்காரியின் குழாயைத் தினமும் கையில் வாங்கிப் பார்த்தவள் நான். கிருமி எப்படி வந்தது என்று பாடமே நடத்தலாம். நடத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் என் விரலையே பார்த்தார்கள், பெரிய திருப்தியோடு. அம்மா சொன்னது ஒன்றுதான்: "லாபம்னு ஆரம்பிச்சியாமா. அதான் ஒரு மருவோட நின்னுச்சு."

கடைசியாக ஒரு மனிதரே எழுதிய பதில் வந்தது. மன்னிக்கவும், இந்த வருட வரைபடம் முடிந்துவிட்டது, மாற்ற இயலாது, அடுத்த வருடம் அவசியம் கலந்துகொள்ளுங்கள். அதை வகுப்பில் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். மழுப்பவில்லை. நான் சொன்னால் வரும் என்று சொல்லியிருந்தேன், வரவில்லை. "அடுத்த வருசம் நாங்க ஒம்பதாவதுங்க டீச்சர், வேற ஸ்கூலு" என்றாள் மருக்காரி.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். அறிவிப்புப் பலகையில், அதிகாரியின் கையெழுத்துள்ள அந்த வரைபடத்தில், இந்தியாவின் மேல் யாரோ நீல மையால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். பேனாவை அழுத்தி அழுத்திச் சுழற்றியிருக்கிறார்கள். தாளே ஈரத்தில் உப்பிப்போயிருந்தது.

"யாருடா இது? யாரு பண்ணுன வேலை?" என்றார் தலைமையாசிரியர்.

எட்டாம் வகுப்பு முழுவதும் ஒரே ஆளைக் காட்டியது. மருக்காரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க எல்லாரும் என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா நின்னோமுங்க. அவ பேனாதான் ஏற்கெனவே ஒழுகிக்கிட்டு இருந்துச்சு டீச்சர். கையெல்லாம் மை. இன்னும் கொஞ்சம் ஆனா அவளுக்கு என்னங்க?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், உங்கள் வகுப்புதானே, நீங்களே விசாரியுங்கள் என்பது போல. நான் தாளின் அருகே குனிந்தேன். கொல்லிமலை அந்தப் புள்ளிக்குள் இருந்தது. நாமக்கல்லும் சேலமும் இருந்தன, சென்னையும் இருந்தது, இலங்கையிலும் பாதி உள்ளே போயிருந்தது.

"புள்ளின்னா இவ்வளவு பெருசாவா வைப்பாங்க?" என்று அவளைத் திட்டினேன்.